மேலான அதிகாரங்களின் ஊர்களில்: ஏழு நாள் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: வோர்ம்ஸ்

பொறையாற்றில் நான் சிறுவனாக இருந்தபோது, குடியரசு நாளை ஒட்டி வரும் ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயர் தவறாமல் ரோமர் 13ஆம் அதிகாரத்தை வாசிப்பார். “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்” என்று தொடங்கும் அந்தப் பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம். பிறகு 33 ஆண்டுகள் கருவூலத் துறையில் வேலை பார்த்த காலத்தில் அந்த வசனத்தால் எனக்கு எந்தச் சங்கடமும் நேர்ந்ததில்லை. மேலான அதிகாரம் என்றால் மாவட்டக் கருவூல அலுவலர், அவருக்கு மேலே சென்னை. அதற்கு அப்பால் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது என்பது ஓய்வுபெற்ற பிறகே உறுத்தத் தொடங்கியது. மகள் லைப்சிக்கில் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த சாக்கில், இந்த இரண்டு வசனங்களும் முட்டிக்கொண்ட சில ஊர்களைப் பார்த்துவிடத் தீர்மானித்தேன். வரிசையை முடிவு செய்தது வரலாறு அல்ல, ரயில் அட்டவணை.

முதலில் வோர்ம்ஸ். 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 17, 18 ஆகிய இரு நாள்களிலும் மார்ட்டின் லூதர் இங்கே பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் நிறுத்தப்பட்டார். லூதருக்கு வயது 37, பேரரசருக்கு 21. மேசைமேல் அடுக்கியிருந்த புத்தகங்கள் உன்னுடையவைதாமா, அவற்றில் உள்ளதை மறுக்கிறாயா என்ற இரண்டே கேள்விகள். யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுநாள் வந்து, மறுக்க முடியாது என்றார். அந்த மன்றம் கூடிய பேராயர் மாளிகை இப்போது இல்லை. பேராலயத்தின் அருகில் அது நின்ற இடம் இன்று ஒரு பூங்கா. அங்கே வெண்கலத்தில் இரண்டு பெரிய காலணிகள் வைத்திருக்கிறார்கள். விரும்புகிறவர் அவற்றில் கால் நுழைத்து நின்று பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறவில்லை, மூட்டு வலி ஒரு காரணம்.

நம் சபைகளில் இந்தக் கதையை ஒற்றை மனிதனின் துணிவாகவே சொல்லி வளர்த்தார்கள். அது பாதிக் கதை. இதே போல் பாதுகாப்பு உறுதி பெற்று கான்ஸ்டன்ஸ் நகருக்குப் போன செக் நாட்டுச் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்டார், லூதர் எரிக்கப்படவில்லை. சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடரிக் தம் ஆள்களை அனுப்பி, வழியில் கடத்துவதுபோல் அவரைத் தூக்கிச் சென்று வார்ட்புர்க் கோட்டையில் ஒளித்துவைத்ததே அதற்குக் காரணம். ஓர் அதிகாரத்தை எதிர்த்து நிற்க இன்னோர் அதிகாரம் நிழல் கொடுத்தது. அந்த நிழலுக்கு வாடகை பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி: வூப்பர்டால்

ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் இந்த ஊரில் 1901 முதல் இருக்கிறது. அதில் ஏறி பார்மன் பகுதியில் இறங்கினேன். கடைத்தெருவுக்கு நடுவே உள்ள கெமார்க்க தேவாலயத்தில் 1934 மே 29 முதல் 31 வரை 139 பிரதிநிதிகள் கூடி ஆறு கூற்றுகள் கொண்ட ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் சுவிட்சர்லாந்து நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த்.

அந்த நாளில் அது ஏன் பெரிய செய்தி என்பதை விளங்கிக்கொள்ள நேற்றுச் சொன்ன வாடகைக்குத் திரும்ப வேண்டும். மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்று நாம் பழமொழியாகச் சொல்வதை ஜெர்மானியர் 1555இல் ஆவுக்ஸ்புர்க் உடன்படிக்கையில் சட்டமாகவே எழுதிக்கொண்டார்கள்: ஆள்பவன் எந்தச் சபையோ, குடிகளும் அந்தச் சபை. லூத்தரன் நாடுகளில் ஆட்சியாளரே சபைக்கும் தலைவரானார். போதகருக்குச் சம்பளமும் நியமனமும் அரண்மனை வழியாக வந்தன. 1918இல் மன்னர்கள் முடியிறங்கும் வரை ஏறத்தாழ 400 ஆண்டுகள் இதுவே ஒழுங்கு. 1933இல் ஹிட்லர் வந்தபோது, தலைக்கு மேல் ஓர் ஆட்சியாளர் இல்லாமல் 15 ஆண்டுகளாகத் தவித்திருந்த சபையாரில் பலர் அவரை வரவேற்றதில் வியப்பில்லை. தங்களை “ஜெர்மன் கிறிஸ்தவர்கள்” என்று அழைத்துக்கொண்ட பிரிவினர் யூத வம்சாவளிப் போதகர்களைப் பணியிலிருந்து நீக்கும் விதியைச் சபைக்குள் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துத் திரண்டவர்களே பார்மனில் கூடிய அறிக்கைச் சபையார்.

ஐந்தாம் கூற்று அரசைப் பற்றியது. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசுக்குக் கடவுள் கொடுத்த வேலை என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்த வேலையைத் தாண்டி மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு நின்றால் அதை ஏற்க மாட்டோம் என்கிறது. சபை அரசின் ஓர் உறுப்பாக மாறுவதையும் அதே மூச்சில் மறுக்கிறது. மேற்கோளாக எடுத்துக்கொண்டது ரோமர் 13 அல்ல, “தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்” என்ற பேதுருவின் நிருபம். பயம் ஒருவருக்கு, கனம் இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுத்த இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அறிக்கையை எத்தனை முறை வாசித்தாலும் அதில் யூதர் என்ற சொல் இல்லை. சபைக்குள் அரசு கைவைத்ததைக் கண்டித்தவர்கள், தெருவில் அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதைக் குறையென்று கார்ல் பார்த்தே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கடைத்தெருவில் ஒரு சிறிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் கையை நீட்டி வணக்கம் சொல்லும் கூட்டம். மறுபக்கம் அதற்கு முதுகைக் காட்டி வேதத்தைச் சுற்றி நிற்கும் சிலர். முதுகைக் காட்டுவதும் எதிர்ப்புதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நடப்பது கண்ணில் படாது என்ற பொருளும் அந்தச் சிற்பத்தில் வந்துவிட்டது. சிற்பி அதை நினைத்தாரோ இல்லையோ. தேவாலயத்தின் பக்கத்து நிலத்தில் 2002இல் ஒரு புதிய யூத ஜெப ஆலயம் திறக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள், சனி: பாட் ஃபிராங்கன்ஹவுசன்

மலைமேல் ஒரு வட்டக் கட்டடம், உள்ளே ஒரே ஓவியம்: 14 மீட்டர் உயரம், 123 மீட்டர் நீளம். 1525 மே 15 அன்று இந்த மலையில் விவசாயிகள் கொன்று குவிக்கப்பட்டதை நினைவுகூர, கிழக்கு ஜெர்மனி அரசு வெர்னர் டூப்கேயிடம் கேட்டு வரைவித்தது. கடவுளை நம்பாத அந்த அரசு, விவசாயிகளின் தலைவராக நின்ற போதகர் தாமஸ் முன்ட்சரைத் தன் முன்னோடியாகக் கொண்டாடியது. தன் ஐந்து மார்க் நோட்டிலும் அவர் முகத்தை அச்சிட்டது. ஓவியம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது 1989 செப்டம்பரில். இரண்டு மாதத்துக்குள் பெர்லின் சுவர் விழுந்தது. கொடுத்த காசுக்கு அரசுக்குப் புகழ்ச்சியும் கிடைக்கவில்லை: ஓவியத்தில் முன்ட்சர் கொடியைத் தாழ்த்தியபடி, தோற்றவராகத் தனித்து நிற்கிறார்.

1525 மார்ச்சில் தெற்கே மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளை நான் ஊரிலேயே வாசித்துவிட்டு வந்திருந்தேன். மனுக்களை வாசிப்பது என் தொழிலாக இருந்ததால் சொல்கிறேன், அவ்வளவு பணிவான மனுவைப் பார்ப்பது அரிது. எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டு விறகும் ஆற்று மீனும் எங்களுக்கும் வேண்டும். கிறிஸ்து எல்லோரையும் இரத்தம் சிந்தி மீட்டிருக்க எங்களை அடிமை என்பது தகாது. கடைசிக் கோரிக்கையில், இவற்றில் எதுவும் வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் அதைக் கைவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். லூதரிடம் கற்றுக்கொண்ட வாதம் அது. வோர்ம்ஸில் அவர் சொன்னதும் வேதத்தைக் கொண்டு காட்டினால் மறுக்கிறேன் என்பதுதானே.

லூதர் முதலில் இரு தரப்பையும் கடிந்தார்; இந்தக் கலகத்துக்குப் பிரபுக்களின் பேராசையே காரணம் என்றும் எழுதினார். கலகம் பரவியபோது, ரோமர் 13ஐ எடுத்துவைத்து, கலகக்காரரைக் குத்தவும் வெட்டவும் ஆட்சியாளருக்குக் கடமை உண்டு என்று ஒரு சிறு நூல் எழுதினார். “பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை” என்ற வசனம் இந்த மலையில் நிறைவேறியது என்று சொன்னால் அது குரூரமான வேடிக்கை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் இறந்தார்கள். முன்ட்சர் பிடிபட்டு, வதைக்கப்பட்டு, மே 27 அன்று தலை வெட்டப்பட்டார். கலகத்தில் விவசாயிகளும் கொலை செய்தார்கள் என்பதையும் முன்ட்சரின் பேச்சு வெறிகொண்டதாகவே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நிழல் பெற்றவர், நிழல் இல்லாதவர்களைப் பார்த்து வெயிலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, கல்யாணமும் செய்துகொண்டவன்.

நான்காம் நாள், ஞாயிறு: ஹாலே

மகளும் மருமகனும் லைப்சிக்கிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். பிராங்கே நிறுவனங்களின் பழைய அநாதை இல்லத்தின் முகப்பில், சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே இதைத் தொடங்கியபோது பிராண்டன்புர்க் ஆட்சியாளரிடமிருந்து மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சகம் நடத்தும் உரிமைகளைப் பெற்றுக்கொண்டார். தர்மமும் அரசாணையும் சேர்ந்தே நடந்தன. மாடியில் பண்டைய அதிசயப் பொருள் அறை: கண்ணாடி அலமாரிகள், பாம்பு, சங்கு, மாதிரி வண்டிகள், தென்னிந்தியாவிலிருந்து போன பொருள்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போன ஓலைச் சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஞாயிறு என்பதால் அது மூடியிருந்தது. ஏமாற்றம்தான்.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் இந்த வட்டாரத்தில் உருவானவர்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அதாவது கையில் ராஜ முத்திரை. ஆனால் தரங்கம்பாடியை நடத்தியது மன்னர் அல்ல, டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கோ இந்த மிஷன் வேண்டாத சுமை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் தொடக்கத்திலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பேசப்போனது மோதலை முற்றவைத்தது. 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள் சிறைவைத்தார்கள். நான்கு மாதம் கழித்தே வெளியே விட்டார்கள். மன்னர் அனுப்பிய போதகரை மன்னரின் பெயரால் ஆளும் தலைவர் அடைத்துவைத்தார். இப்போது ரோமர் 13ஐ யாருக்கு வாசிப்பது? கீழ்ப்படிய வேண்டிய “மேலான அதிகாரம்” கோபன்ஹேகனில் இருக்கிறதா, கடற்கரைக் கோட்டையில் இருக்கிறதா?

அந்தக் கோட்டை மதில்மேல் நான் நூறு முறையாவது உட்கார்ந்திருப்பேன். கடலைப் பார்த்துக் கடலை தின்ற இடம். அவர் சிறையில் இருந்த கதையும் எங்களுக்குத் தெரியும். விசுவாசத்துக்காகப் பாடுபட்டார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விதவையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள்களாக நான் பார்த்த ஊர்களில் சபை தன் பிரசங்க பீடத்துக்காகப் பேசியது, அல்லது பேசாமலிருந்தது. இவர் வேறொருத்தியின் பணத்துக்காகப் பேசினார். பரம்பரையில் பெருமைப்பட ஏதாவது வேண்டுமென்றால் எனக்கு இது போதும்.

பெருமையை அளவோடு வைத்துக்கொள்ளவும் சான்று உண்டு. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட எங்கள் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இன்றும் இருப்பது மன்னர் பிரெடரிக்கின் பெயர் முத்திரை. ஹாலேயில் படித்து வந்த இன்னொருவரான சுவார்ட்ஸ் ஐயரை, 1779இல் சென்னை ஆங்கில அரசு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. அவர் போனார். நல்ல மனிதர், சமாதானம் பேசத்தான் போனார். ஆனால் எந்த அரசின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஐந்தாம் நாள், திங்கள்: லைப்சிக்

காலையில், எங்கள் பக்கத்தில் ஊழியம் செய்த லைப்சிக் மிஷன் பற்றி மருமகனிடம் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பாவம், விடுப்பு எடுத்துக்கொண்டு கேட்டார். முதல் உலகப்போர் வந்தபோது, எங்கள் பக்கத்து ஜெர்மானிய மிஷனரிகளை ஆங்கில அரசு பகை நாட்டார் என்று காவலில் வைத்து வெளியேற்றியது. சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் காலில் நின்றது. நாங்கள் சுயாட்சி பெற்றதில் ஜெபத்துக்குப் பங்கு உண்டு, ஆங்கிலேயரின் வெளியேற்ற உத்தரவுக்கும் பங்கு உண்டு.

மாலை 5 மணிக்கு நிகோலாய் தேவாலயத்தில் சமாதான ஜெபம். 1980களின் தொடக்கத்தில் தொடங்கி, திங்கள்தோறும் இன்றும் நடக்கிறது. உள்ளே தூண்களின் தலையில் பனை ஓலைபோல் விரியும் வேலைப்பாடு. எனக்கு வீட்டு நினைவு வந்தது. கிழக்கு ஜெர்மனியில் கிறிஸ்தவனாக இருப்பது குற்றமல்ல, செலவு. பிள்ளைகளுக்கு உயர்கல்வி இடம் கிடைக்காமல் போகலாம். இதே நகரில் பல்கலைக்கழகத்தின் பழைய தேவாலயத்தை 1968 மே 30 அன்று அரசு வெடிவைத்துத் தகர்த்தது. ஆனாலும் அனுமதி கேட்காமல் மக்கள் கூடக்கூடிய கூரை தேவாலயக் கூரை ஒன்றுதான். “பட்டயங்களை மண்வெட்டிகளாக” என்ற மீகாவின் வசனத்தைத் துணி வில்லையில் அச்சிட்டு இளைஞர்கள் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அச்சடிக்க அரசின் உரிமம் வேண்டும். துணியில் அச்சடிப்பது நெசவுத் தொழில் கணக்கில் போய்விடும். விதிப்புத்தகம் தெரிந்த யாரோ ஒருவரின் மூளை. வில்லையில் இருந்த படம், சோவியத் யூனியன் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பரிசளித்த சிலையினுடையது. அப்படியும் தடை செய்தார்கள்.

ஜெபத்துக்கு வந்தவர்களில் பலர் விசுவாசிகள் அல்லர். நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்து, வேலை இழந்து நின்றவர்கள். எல்லோருக்கும் திறந்தது என்ற வாசகத்தைத் தேவாலயம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. போதகர் கிறிஸ்டியான் ஃபூரர் கதவைத் திறந்து வைத்தார்; மேலிருந்த சபைத் தலைமை எல்லா நேரமும் அதை விரும்பவில்லை. 1988இல் ஜெபத்தை நடத்தும் பொறுப்பைச் செயற்குழுக்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989 அக்டோபர் 9 அன்று, இடத்தை நிரப்புவதற்காகக் கட்சி தன் ஆள்கள் சில நூறு பேரை மதியமே தேவாலயத்துக்குள் உட்காரவைத்தது. உட்கார்ந்தவர்கள் ஜெபத்தைக் கேட்டார்கள், வேறு வழியில்லை. வெளியே சுமார் 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு நடந்தார்கள். துப்பாக்கி சுடவில்லை. அமைதி காக்க அழைத்து ஆறு பேர் பெயரில் ஒலிபெருக்கியில் வேண்டுகோள் வாசிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான இறையியலாளர் உளவுத் துறைக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்று பின்னர் தெரிந்தது. சபைக்கும் அரசுக்கும் நடுவே நேர்கோடு போட்டுக் காட்டுகிறவர்களிடம் இந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்லலாம்.

ஆறாம் நாள், செவ்வாய்

மழை. மகள் ரசம் வைத்தாள். எங்கும் போகவில்லை.

ஏழாம் நாள், புதன்: பெர்லின்

டாலெம் பகுதியில் உள்ள அன்னாள் தேவாலயம் ஊர்ப்புறத்துச் சிறு கோயில்போல் இருக்கிறது. இந்தச் சபையின் போதகர் மார்ட்டின் நீமோலர் முதலில் ஹிட்லர் கட்சிக்கே வாக்களித்தவர். சபைக்குள் இனவிதி வந்தபோது திரும்பினார். 1937 ஜூலையில் கைதானார். மறு ஆண்டு நீதிமன்றம் கொடுத்த தண்டனையை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டதால் விடுதலையாக வேண்டியவரை, இரகசியப் போலீஸ் வாசலிலேயே பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனது. 1945 வரை முகாம்களில்தான்.

ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரைப் பற்றி நம்மில் பலர் அறிவோம். அரசு அநீதி செய்தால் சபை அரசைக் கேள்வி கேட்கலாம், சக்கரத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடலாம், மூன்றாவதாகச் சக்கரத்தையே தடுக்கலாம் என்று 1933லேயே எழுதியவர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளோசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர். அவரைப் பற்றி நீளமாக எழுதத்தான் இந்த நாளை ஒதுக்கியிருந்தேன். ஆனால் இந்தப் பயணத்துக்காக வாசித்தவற்றில் இன்னொருவர் என்னை விடாமல் பிடித்துக்கொண்டார்.

எலிசபெத் ஷ்மிட்ஸ், பெர்லினில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. ஜெர்மன், வரலாறு, சமயம் கற்பித்தவர். அறிக்கைச் சபையைச் சேர்ந்தவர். 1935இல், யூதர்களுக்கும் யூத வம்சாவளிக் கிறிஸ்தவர்களுக்கும் நாள்தோறும் நேர்வதைச் சான்றுகளோடு தொகுத்து, சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்தார். உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே என்று கேட்கப்படும்போது, காயீன் சொன்ன பதிலைத் தவிர நம்மிடம் வேறு எது இருக்கும் என்று அதில் எழுதினார். பெயர் போடாமல், தானே படியெடுத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தார். சபையின் மன்றங்கள் அதை எடுத்துப் பேசவில்லை. 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட பிறகு, இதே டாலெம் சபையில் பிரசங்கிக்க இருந்த ஹெல்முட் கோல்விட்சரிடம் பேச வேண்டியதைப் பேசும்படி வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். கோல்விட்சர் பேசினார். அவர் கல்லறை இங்கேதான் இருக்கிறது. சிறிது நேரம் நின்றேன். ஷ்மிட்ஸின் கல்லறை அவருடைய சொந்த ஊரான ஹனாவில் இருக்கிறது. 1977இல் அவர் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அந்த விண்ணப்பத்தை எழுதியவர் வேறொருவர் என்றே 1990களின் இறுதி வரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

அந்த நவம்பருக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை. முன்கூட்டியே ஓய்வு கேட்டு அரசுக்கு எழுதினார். தம் பாடங்களை நாஜி அரசு எதிர்பார்க்கும் விதத்தில் கற்பிக்கத் தமக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டினார். விருப்ப ஓய்வுக் கடிதங்கள் என் மேசைக்கு நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. காரணம் என்ற இடத்தில் “சொந்தக் காரணங்கள்”, “உடல்நலக் குறைவு”, “குடும்பச் சூழ்நிலை” என்பவற்றைத் தவிர வேறொன்றை நான் பார்த்ததில்லை, என் கடிதம் உட்பட. இவர் உண்மைக் காரணத்தை எழுதினார், அதுவும் 1938இல், அந்த அரசுக்கு. கோரிக்கை ஏற்கப்பட்டது. ஓய்வூதியமும் கொடுத்தார்கள்.

லைப்சிக் ரயிலில் திரும்பும்போது என் மனம் அந்தக் கோப்பைத்தான் சுற்றி வந்தது. அந்தக் கடிதம் யாரோ ஒரு பிரிவு எழுத்தரிடம் போயிருக்கும். அவர் வாசித்திருப்பார். காரணத்தை இரகசியப் போலீசுக்கு அனுப்பாமல், பணிக்காலத்தைக் கணக்கிட்டு, விகிதம் போட்டு, “அனுமதிக்கலாம்” என்று குறிப்பெழுதி மேலே வைத்திருப்பார். பயந்தவரா, சோம்பேறியா, விதிப்படி மட்டும் நடப்பவரா, அல்லது கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தெரிந்தே அப்படி எழுதியவரா? அந்தக் குறிப்பின் கையெழுத்து எப்படி இருந்திருக்கும் என்று விட்டன்பெர்க் நிலையம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.